கணக்கில் சேர்க்காத காக்காய்

காக்காய் வரவில்லை. காலையிலிருந்து இத்தனை பேர் கூடி, இத்தனை பாத்திரம் உருட்டிச் சமைத்து, போன வருஷம் செத்துப்போன என் அண்ணன் வேலாயுதத்தின் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டுப் படைத்து, கற்பூரம் காட்டி, வரிசையாக விழுந்து கும்பிட்டு முடித்த பிறகு, எல்லாருடைய மத்தியானச் சாப்பாடும் இப்போது ஒரு காக்காயின் தயவில் தொங்குகிறது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் ஓர் இலைத் துண்டில் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு, அண்ணன் மகன் மகுடேஸ்வரன் கா கா என்று கத்திக்கொண்டிருக்கிறான். என்ஜினியரிங் படித்து அதற்கு மேலும் ஒரு படிப்பு படித்தவன். அது வந்து வாய் வைத்தால்தான் திதி முடிந்ததாகக் கணக்கு, அப்புறம்தான் மனுஷர்கள் இலையில் உட்காரலாம். அதுவரை இந்தக் கூடத்தில் வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்தக் கூத்தை வாழ்நாள் முழுக்கப் பார்த்துச் சிரித்தவன் நான். இன்றைக்குச் சிரிக்க முடியவில்லை. ஏனென்றால் நான் ஊசி போட்டுவிட்டேன்.

சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டிய இன்சுலின். சமையல் முடிந்துவிட்டது, படைக்கப் போகிறார்கள் என்று காதில் விழுந்ததும் கொல்லைப்புறக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, வேட்டியைத் தளர்த்தி, வயிற்று மடிப்பைப் பிடித்துக் குத்திக்கொண்டேன். எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தான் செய்தேன். அங்கமுத்து மாமா கற்பூரத்தட்டைப் பிடித்துக்கொண்டு ஆற அமரச் சுற்றுவார், அதைக் கணக்கில் சேர்த்தேன். பெண்கள் படத்தைப் பார்த்து ஒரு பாட்டம் அழுவார்கள், அதையும் சேர்த்தேன். காக்காயைச் சேர்க்கவில்லை. விலங்கியலில் முனைவர் பட்டம் வாங்கி, அரசுக் கல்லூரியில் துறைத்தலைவராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவன் தன் கணையத்தின் வேலையைத் தானே செய்துகொள்கிறபோது, நடுவில் ஒரு குப்பைமேட்டுப் பறவையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. அதுவும் இந்த ஊரில். திண்டுக்கல்லுக்கு வெளியே, வயலை மூடிப் பிளாட் போட்ட இந்த நகரில், ஒரு முருங்கைமரம் இருந்தால்கூடக் கம்பளிப்பூச்சி வருகிறதென்று வெட்டிவிடுகிறார்கள். உட்காரக் கிளை இல்லாமல் பண்ணிவிட்டுக் கா கா என்று கூப்பிட்டால் அது எங்கிருந்து வரும். காக்காய்க்கு இவர்களைவிடப் புத்தி அதிகம்.

ஊசியில் போனதைத் திரும்பக் கூப்பிட முடியாது. அதுதான் விஷயம். சொந்தக் கணையம் என்றால் நாசூக்கு தெரிந்தது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் பீட்டா செல்கள் இன்சுலினை விடும், இறங்கினால் நிறுத்திக்கொள்ளும், அந்த நிமிஷமே பக்கத்திலிருக்கும் ஆல்பா செல்கள் குளுக்ககானை விடும், அது கல்லீரலைத் தட்டி எழுப்பி, சேர்த்து வைத்திருக்கிற கிளைக்கோஜனைச் சர்க்கரையாகக் கரைத்துக் கொடு என்று வாங்கிவரும். கொடுப்பதற்கு ஒருத்தர், அடக்குவதற்கு ஒருத்தர் என்று ஒழுங்காக நடக்கிற குடும்பம். இதைத்தான் வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டுச் சொன்னேன். பெஞ்சில் ஒரு கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும், இன்சுலின் ஒரு சாவி, செல் ஒரு பூட்டு என்று பரீட்சையில் எழுதிவைக்கும். சாவியாம் பூட்டாம். எவனாவது ஒருத்தன், சார், வெளியிலிருந்து போட்ட இன்சுலினை யார் நிறுத்துவது என்று கேட்டிருப்பானா. கேட்டதில்லை. மதிப்பெண் வாங்கிக்கொண்டு இன்சூரன்ஸ் விற்கப் போய்விட்டார்கள். நான் சொல்லாமல் விட்ட பதில் இப்போது என் தொப்புளுக்குப் பக்கத்திலிருந்து ஊறிக்கொண்டிருக்கிறது. சோறு வரும் என்று நம்பி அது வேலையைத் தொடங்கிவிட்டது. வருகிற சர்க்கரையை உள்ளே தள்ள வந்தது, வராததால் இருப்பதைத் தள்ளுகிறது. சொன்ன வேலையைத் தவிர வேறொன்றும் தெரியாத குமாஸ்தா. இப்படிப்பட்டவர்களோடுதான் முப்பது வருஷம் காலம் தள்ளினேன், கடைசியில் ஒருத்தனை உடம்புக்குள்ளேயே ஏற்றிக்கொண்டாயிற்று.

அங்கமுத்து மாமா என் பக்கத்து நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அம்மாவின் தம்பி. இந்தக் குடும்பத்தில் எந்தக் காரியம் நடந்தாலும் அதற்கு இவர்தான் சட்டப்புத்தகம். திடீரென்று உள்ளே பார்த்து, "அம்மா தாரணி, எனக்குச் சுகர் இருக்கு தாயி, மாத்திரை போட்டுட்டேன், ரெண்டு பிஸ்கட் கொண்டா" என்கிறார். மகுடேஸ்வரனின் பெண்டாட்டி தட்டில் பிஸ்கட் கொண்டுவந்து கொடுக்கிறாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. காக்காய்ச் சட்டத்தில் சர்க்கரைக்காரனுக்கு விலக்கு உண்டாம். மாமா பிஸ்கட்டைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுச் சாப்பிடுகிறார், உதட்டோரம் தூள் ஒட்டியிருக்கிறது. இவருடைய வைத்தியம் எனக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனைக்கு முந்தின இரண்டு நாள் கஞ்சியும் கீரையுமாக விரதம் இருந்துவிட்டு, பரிசோதனைச்சாலையில் நம்பர் குறைந்து வந்ததும் வாசலிலேயே ஓட்டலுக்குள் நுழைந்து பூரி சாப்பிடுகிற மனுஷன். டாக்டரை ஏமாற்றிவிட்டதாக நினைப்பு. மூன்று மாசச் சராசரி என்று ஒரு பரிசோதனை இருக்கிறது மாமா, அதில் உங்கள் பூரி அத்தனையும் தெரியும் என்று ஒருதரம் சொன்னேன். அதை எழுதித்தர வேண்டாமென்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன் மாப்ள என்றார். இப்போது தட்டை என் பக்கம் நீட்டுகிறார். "நீயும் ரெண்டு எடுத்துக்க மாப்ள. நேரமாகுதுல்ல." நான் தட்டைப் பார்க்கிறேன். மூன்று பிஸ்கட் மிச்சம் இருக்கிறது. ஒன்றின் ஓரம் உடைந்திருக்கிறது. "எனக்கெதுக்கு மாமா, நீங்க சாப்பிடுங்க" என்று சொல்லும் குரல் என்னுடையதுதான், காது குளிரக் கேட்கிற அளவுக்கு நிதானமாக இருக்கிறது. "அதான, உனக்கு என்ன, நீ வாயக் கட்டுனவன்" என்கிறார் மாமா. கிழவன் அதைப் பாராட்டாகத்தான் சொல்கிறான்.

வாயைக் கட்டினவன். இந்தப் பட்டத்தை எனக்கு நானே கொடுத்துக்கொண்டது இந்தக் கூடத்தில்தான். அண்ணனுக்கு முதலில் கால் விரல் போயிற்று, அப்புறம் பாதம் போயிற்று, கண் மங்கிற்று, சிறுநீரகம் மக்கர் செய்தது. ஒவ்வொன்று போகும்போதும் நான் பஸ் ஏறி வந்து இதே இடத்தில் நின்று சொன்னேன், சர்க்கரை என்பது நோய் இல்லை அண்ணா, ஒழுங்கீனம், நாக்கை அடக்கத் தெரியாதவனுக்கு உடம்பு போடுகிற அபராதம். அண்ணிக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். வீட்டில் சர்க்கரை டப்பாவே இருக்கக்கூடாது என்று அதைத் தூக்கித் தெருவில் கொட்டியவனும் நான்தான். சொன்னதில் தப்பு இருப்பதாக இன்றைக்கும் நினைக்கவில்லை. கேசரிக்காகக் கல்யாண வீடு தேடிப் போகிறவன் அவன். பந்தியில் இரண்டாவது கரண்டி கேட்டு வாங்குவான், பக்கத்து இலைக் குழந்தையின் பங்கையும் கண்ணால் அளப்பான். எனக்கு வந்தது வேறு. எனக்கு வந்தது மரபணு. அப்பாவுக்கு இருந்தது, பெரியப்பாவுக்கு இருந்தது, காலையில் நடை, ராகி, சர்க்கரை இல்லாத வரக்காப்பி என்று இருந்தும் வந்தது என்றால் அது பரம்பரை, அதற்கு நான் பொறுப்பாக முடியாது. அண்ணனுக்கும் அதே அப்பாதானே என்று கோமளா கேட்டாள். கேட்கிறாள், என் பெண்டாட்டி, எட்டாவது வரை படித்தவள். அவளுக்கு எப்படி விளக்குவது. அவளைத் தவிர யாருக்கும் தெரியாது. இந்தப் பக்கம் எந்த டாக்டரிடம் போனாலும் சொந்தக்காரன் எவனாவது வரிசையில் உட்கார்ந்திருப்பான் என்று திருச்சிக்குப் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிறேன். சர்க்கரை இறங்கினால் வாயில் போட்டுக்கொள்ளச் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு மிட்டாய் போட்டு அனுப்புகிறவள் அவள்தான், கிலுகிலுப்பை கட்டிவிட்ட குழந்தை மாதிரி அதைச் சுமந்துகொண்டு திரிவேன். மகளுக்குப் பிரசவம் என்று பெங்களூரில் இருக்கிறாள். இன்றைக்குச் சட்டைப்பையில் கைக்குட்டை மட்டும் இருக்கிறது. தடவிப் பார்த்துவிட்டேன்.

வேர்க்கிறது. மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறவனுக்கு, மாசி மாசத்தில், பிடரியிலிருந்து முதுகுத்தண்டு வழியாக ஒரு குளிர்ந்த கோடு இறங்குகிறது. அட்ரினலின். வாப்பா, வா. கதவிடுக்கில் நெருப்பைப் பார்த்துவிட்டுத் தெருவெல்லாம் கத்திக்கொண்டு ஓடுகிறவன் நீ, உன்னால் ஆனது அவ்வளவுதான். நெஞ்சு அடித்துக்கொள்கிறது, விரல் நுனி நடுங்குகிறது, வயிற்றில் ஒரு பள்ளம் விழுகிறது. ஒவ்வொன்றாகக் கரும்பலகையில் எழுதின அதே வரிசையில்தான் வருகிறது, ஒரு வரிகூட மாற்றமில்லை, என் உடம்பு மட்டும்தான் என் வகுப்பை ஒழுங்காகக் கவனித்திருக்கிறது போல. குளுக்ககான் வர வேண்டுமே. வராது. சர்க்கரை பல வருஷம் பழகிய உடம்பில் அதற்கும் சுரணை போய்விடும், கூப்பிட்டால் காதில் விழாது. கார்ட்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் இருக்கின்றன, கல்யாணம் முடிந்து பந்தல் பிரிக்கிற நேரத்துக்கு மொய்க் கவரோடு வந்து நிற்கிற உறவுகள். கல்லீரலில் ஏதாவது இருக்குமா. காலையில் அண்ணி கொடுத்த இட்டிலியைக்கூட, திதி நாளில் நான் சாப்பிடுவதில்லை என்று பெருமையாகத் தள்ளிவிட்டேன். நம்பிக்கையே இல்லாத திதிக்கு விரதம். யாரிடம் பெருமை காட்டுவதற்கு, இந்தப் பிஸ்கட் கிழவனிடமா. "தாரணி, ஒரு காப்பி கிடைக்குமாம்மா" என்று கேட்கிறேன். நான் நினைத்தது அவளுக்குப் புரியும் என்று எதற்காக எதிர்பார்த்தேனோ. போனாள், வந்தாள், டம்ளரை நீட்டினாள். "சர்க்கரை போடல சின்ன மாமா. உங்களுக்குப் போட்டா கோவம் வரும்னு தெரியும்." கறுப்பாக, கசப்பாக, சுடச்சுட. முகத்தில் அவ்வளவு சந்தோஷம் அந்தப் பெண்ணுக்கு, சரியாக நினைவு வைத்திருந்ததற்கு. ஒரு கரண்டி போடம்மா என்று சொல்ல வேண்டியதுதானே. மூன்று வார்த்தை. வாய் திறக்கிறது, "நல்ல பொண்ணும்மா நீ" என்கிறது. பாதி டம்ளர் வேட்டியில் சிந்திவிட்டது, கை அப்படி ஆடுகிறது. யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

இந்த எரிச்சலும் ஓர் அறிகுறிதான். மூளைக்குச் சேமிப்பு கிடையாது, அன்றாடங்காய்ச்சி, ரத்தத்தில் வருவதை வாங்கி அப்போதே செலவழித்துவிடும், வரத்து குறைந்தால் முதலில் பொறுமை போகும், அப்புறம் கணக்குப் போடுவது போகும், அப்புறம் பெயர்கள் போகும். ஆனால் எனக்கு எரிச்சல் எப்போதும் உள்ளதாயிற்றே. சர்க்கரை இறங்கினதால் இவர்களை வெறுக்கிறேனா, இவர்கள் இப்படி இருப்பதால் வெறுக்கிறேனா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழியும் தெரியவில்லை. சோபாவில் மாமா பெண்டாட்டி வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாள். எதிர் வீட்டுக்காரன் தன் மச்சான் வாங்கின கார் எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது என்று யாரும் கேட்காமலே சொல்கிறான். படத்துக்குள்ளிருந்து அண்ணன் சிரிக்கிறான், மாலைக்கு நடுவில், மீசைக்குச் சாயம் பூசி எடுத்த படம். அவனுக்குக் காலை வெட்டி எடுத்த அன்று ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்து என்ன கேட்டான். வலிக்கிறது என்று சொல்லவில்லை. தண்டபாணி, கான்டீனில் கேசரி போட்டிருக்கானாடா என்று கேட்டான். அப்போது எனக்கு வந்த கோபம். அந்தக் கோபம் சர்க்கரையால் வரவில்லை, அன்றைக்கு எனக்கு வயிறு நிறைந்திருந்தது. எதற்கு இதை நினைக்கிறேன். காக்காயைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, அது... ஆல்பா செல்லில் வருவது. இப்போதுதான் சொன்னேன். கல்லீரலைத் தட்டுகிறது. கா-வில்... கார்ட்டிசால் இல்லை. கா கா என்று மாடியில் கத்துகிறான், அதனால் கா தான் வாயில் வருகிறது. முப்பது வருஷம் சொன்ன பெயர். எனக்குப் பயமாக இருக்கிறது. மயங்கி இந்தக் கூடத்தில் விழுந்தால் எவனாவது ஆம்புலன்ஸைக் கூப்பிடுவான், அதில் வருகிற பையன் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, சாருக்குச் சுகர் இருக்கா, இன்சுலின் போடுறாரா என்று எல்லார் முன்னாலும் கேட்பான், மாமா இங்கிருந்து ஒட்டன்சத்திரம் வரைக்கும் போன் போட்டுச் சொல்வார். அதற்குச் செத்துப்போகலாம். செத்துப்போகலாம் என்று நினைத்தது விளையாட்டுக்குத்தானா என்று இன்னொரு தரம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மாமா பிஸ்கட் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமுகிறார். "வேலாயுதத்துக்கு யாரு மேலயோ மனத்தாங்கல் இருக்கு. இல்லேன்னா இந்நேரம் வந்துருப்பான்." எதிர் வீட்டுக்காரன்கூடக் கார்ப் பேச்சை நிறுத்திவிட்டான். தூங்கின மாமி கண்ணைத் திறக்கிறாள். யாரும் என்னைப் பார்க்கவில்லை, அதாவது எல்லாரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பாடுபடுகிறார்கள். சர்க்கரை டப்பாவைத் தெருவில் கொட்டினதை இந்தத் தெருவே வேடிக்கை பார்த்தது. காக்காய் வராததற்குத் தடயம் தேடினால் என்னிடம்தான் வந்து முடியும். என்ன ஒரு நீதிமன்றம். சமையல்கட்டு வாசலில் அண்ணி வந்து நிற்கிறாள், சௌந்தரம் அண்ணி, நெற்றியில் பொட்டில்லாமல், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு. அடுப்படியிலிருந்து கேசரி வாசனை அவளோடு வருகிறது. நெய், ஏலக்காய், வறுத்த ரவை. என் வாயில் எச்சில் ஊறி நாய் மாதிரி விழுங்கிக்கொள்கிறேன். "தம்பி" என்கிறாள். "நீங்க ஒரு எட்டு மேல போய்க் கூப்பிட்டுப் பாருங்களேன். நீங்க இதையெல்லாம் நம்ப மாட்டீங்க. தெரியும். அவருக்காக ஒரு தடவ. உங்க குரலக் கேட்டா வருவாரு." இதற்கு நான் சாதாரணமாக என்ன பதில் சொல்வேன் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும், மாமா முகத்தில் அதற்காகக் காத்திருக்கிற ஒரு சிரிப்புக்கூட இருக்கிறது. நான் எழுந்திருக்கிறேன். நாற்காலியின் கையைப் பிடித்து, அது வளைந்து, அப்புறம் சுவரைப் பிடித்து. "சரி அண்ணி" என்கிறேன். மாமா முகத்தில் ஈயாடவில்லை.

படி. படிக்குப் பக்கத்தில் பிடிக்க ஒரு கம்பி, எவர்சில்வர், அதில் என் முகம் நீளமாகத் தெரிகிறது. தசை வேலை செய்தால் அதுவும் சர்க்கரையை இழுக்கும், படியேறுவது முட்டாள்தனம், இது எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே ஏறுகிறேன். தெரிந்து என்ன பிரயோஜனம். எல்லாம் தெரியும் எனக்கு. கணையத்தின் எடை தெரியும், அது இரைப்பைக்குப் பின்னால் எப்படிப் படுத்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு வரைவேன், திட்டுத் திட்டாக அதில் உள்ள செல்களுக்குப் பெயர் தெரியும், அந்தத் திட்டுகளை முதலில் கண்டவன் எந்த நாட்டுக்காரன் என்று தெரியும். எவன் அவன். ஜெர்மன். பெயர் லாங்கர்... லாங்கர்... லாங்கர் என்று ஒருத்தன் எனக்குக் கீழே டியூட்டராக இருந்தானா. இல்லை, அவன் லாசர். லாசருக்கும் சர்க்கரை. எல்லாருக்கும் இருக்கிறது, எல்லாரும் சொல்லிவிட்டுப் பிஸ்கட் தின்கிறார்கள். படி முடியவில்லை. ஓரங்கள் இருட்டுகின்றன. கால் எங்கே வைக்கிறேன் என்று காலுக்குத்தான் தெரிகிறது. அண்ணா, நீயும் இப்படித்தான் பார்த்தாயா, ஓரத்திலிருந்து இருட்டி. சே. யாரிடம் பேசுகிறேன். செத்தவனுக்குக் காது கிடையாது, அவன் கார்பனும் நைட்ரஜனுமாகப் போய்விட்டான், ஆற்றில் கரைத்தபோது நானும் இருந்தேன். கதவு. வெயில்.

"சித்தப்பா, நீங்களா?" மகுடேஸ்வரன் துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டு நிற்கிறான், கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்கிறது. "நீ போ கீழ" என்கிறேன். "இல்ல சித்தப்பா, நான் இருக்கேன்." "போடா. ஆள் நின்னா வராது. அதுக்குப் பயம்." இது உண்மையா பொய்யா என்று யோசிக்க எனக்கு மூளையில் இடமில்லை. அவன் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு இறங்குகிறான். கைப்பிடிச் சுவரில் இலைத் துண்டு. சோறு வெயிலில் காய்ந்து வெளுத்திருக்கிறது. ஒரு வடை. கூட்டு. இலைக்கிண்ணத்தில் பாயசம். ஓரத்தில், ஆரஞ்சு நிறத்தில், ஒரு கைப்பிடி கேசரி, அதன் மேல் ஒரு முந்திரி. வானத்தைப் பார்க்கிறேன். ஒன்றுமில்லை. சுத்தமாக, துடைத்து வைத்த மாதிரி. நான் வாழ்க்கையில் முதல்முறையாகக் கா என்கிறேன். ஒரே ஒரு தரம், அண்ணிக்குக் கேட்கட்டும் என்று, என் குரல் கேவலமாக உடைகிறது. அப்புறம் கேசரியை எடுத்து வாயில் போடுகிறேன்.

நெய் சேர்ந்தால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். பாயசத்தை முதலில் குடித்திருக்க வேண்டும், எந்த முதலாண்டு மாணவனும் அதைச் சொல்வான். கை அதைக் கேட்கவில்லை, கேசரியில்தான் போய் விழுந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, பக்கத்து மாடியில் எவளாவது துணி காயப்போட வந்துவிடுவாளோ என்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு தின்கிறேன். விரலிடுக்கில் வழிகிறது, நக்குகிறேன். பாயசத்தை அண்ணாந்து ஊற்றிக்கொள்கிறேன், தாடையில் ஒழுகிக் கழுத்தில் இறங்குகிறது. இவ்வளவு இனிப்பா இது. எத்தனையோ வருஷமாக நான் நாக்கில் வைக்காத பொருள், இதை ஒருத்தன் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கேட்டான், நான் அவனுக்கு நார்ச்சத்தைப் பற்றிச் சொன்னேன். வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தோடேயே தின்கிறேன், வெட்கம் வாயைத் தடுப்பதில்லை. குளுக்ககான். இதோ வந்துவிட்டது பெயர், எல்லாம் முடிந்த பிறகு சொந்தக்காரன் மாதிரி. இன்னும் போதாது, கை ஆடுகிறது, உள்ளே போட்டது பெரிய அளவு, முழுச் சாப்பாட்டுக்குப் போட்டது, ஒரு கைப்பிடி கேசரி இதை எத்தனை நேரம் தாங்கும். இலையை வழித்துவிட்டேன். வடையும் போயிற்று. முந்திரியைக் கடைசியாக நான் மிச்சம் வைத்திருந்தேன் போலிருக்கிறது, அதையும் வாயில் போட்டுக்கொள்கிறேன்.

மாடிப்படியின் அடியிலிருந்து அண்ணியின் குரல் வருகிறது. "தம்பி... வந்துச்சா?"

"வந்துருச்சு அண்ணி."

"எடுத்துச்சா?"

"எடுத்துருச்சு."

கீழே கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு. "நான் சொன்னேன்ல, தம்பி குரல் கேக்கணும்னு" என்று மாமா தாம் சொல்லாததைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இலை போடுங்கப்பா என்று யாரோ நாற்காலியை நகர்த்துகிறார்கள். அண்ணி மட்டும் போகவில்லை. படிக்கட்டில் அவள் மூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது.

"எத மொதல்ல எடுத்துச்சு தம்பி?"

பொய் சொல்ல வடை இருக்கிறது, சோறு இருக்கிறது. எதைச் சொன்னாலும் நம்புவாள்.

"கேசரி" என்கிறேன்.

அவள் அழுகிறாள். காலையில் படத்துக்கு முன்னால் ஊரோடு சேர்ந்து அழுத அழுகை இல்லை இது. சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு தனக்குள்ளேயே அழுகிறாள். "கடேசி வரைக்கும் ஒரு வாய் குடுக்க விடலயே தம்பி நம்ம. கேட்டுக்கிட்டே போனாரே." நம்ம என்கிறாள். நீங்க என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சிவிட்டு, குரலைத் தாழ்த்தி, பறவையை விரட்டிவிடக் கூடாதே என்கிற பயத்தோடு கேட்கிறாள். "போயிருச்சா தம்பி, இன்னும் நிக்குதா? அடுப்படியில நெறைய இருக்கு. நிக்குதுன்னா இன்னுங் கொஞ்சம் அள்ளிட்டு வாரேன்."

வாயில் இருப்பதை விழுங்கிவிட்டுத்தான் பதில் சொல்ல முடிகிறது.

"நிக்குது அண்ணி. கிண்ணத்துல போட்டுப் படியில வச்சுட்டுப் போங்க."